நீரைப் பங்கிடும் கோயில்



கும்பாபிஷேக நாளன்று யாகசாலையினின்று புறப்படும் கலசங்களைத் தலைமேற் சுமந்து சிவாசாரியர்கள் விமானத்தின்மீது ஏறுங்கால், கீழே திரண்டு நிற்கும் மக்களின் கண்கள் யாவும் அக்கலசங்களையே நோக்குகின்றன. கலசத்தினுள் இருப்பது யாது? நீர்தான். ஆற்றிலும் கிணற்றிலும் கிடந்த நீரே மந்திரத்தால் தீர்த்தமாகிச் சிகரத்தின்மேற் சொரியப்படுகிறது. அதன் ஒரு துளியேனும் தம்மேற் படாதா என்று மக்கள் ஏங்கி நிற்கின்றனர். அம்மக்களே மறுநாள் வயலுக்குச் சென்று, தம் மடைக்கு நீர் வரவில்லை என்று அண்டை வயற்காரனோடு வழக்காடுவதும் உண்டு. கோயிலில் தீர்த்தமாய் இருப்பது வயலில் வழக்குப் பொருளாய்விடுகிறது.

இவ்விரண்டையும் பிரித்துப் பாராமல், தீர்த்தம் தரும் கோயிலே வயலுக்கு நீரையும் முறை வகுத்துத் தரும் நாடு ஒன்று கீழ்க்கடலில் உண்டு. அதுவே பாலித்தீவு. அத்தீவின் உழவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட சட்டமும், அச்சட்டத்தால் அவர்கள் சோற்றுக்குக் குறைவின்றி வாழ்ந்த வரலாறும், அது ஒருமுறை குலைந்த கதையும் இன்றைய பேச்சின் பொருளாகும்.

இந்தோனேசியக் குடியரசில் இஸ்லாமியப் பெருமக்களே மிகுதியானவர்கள். அந்நாட்டில் இந்து சமயத்தைக் கைவிடாது போற்றி வரும் தீவு பாலி. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 145 கிலோமீட்டரும் தென்வடலாக 80 கிலோமீட்டரும் உடைய சிறு தீவு அது. அத்தீவினர் தம் சமயத்தை 'ஆகம தீர்த்த' என்று வழங்குவதுண்டு. ஆகமம் என்பது அவர்கள் மொழியில் சமயத்தைக் குறிக்கும். ஆகவே தீர்த்த சமயம் என்பது அதன் பொருள். கோயிலைப் 'புர' என்பர். நெல்லின் தெய்வத்தைத் 'தேவி ஸ்ரீ' என்பர். தமிழ்ச் செவிக்குப் பழகிய சொற்களே இவை. ஆயினும் அச்சொற்களின்பின் நிற்கும் வழக்கம் இங்கே பலரும் கேட்டறியாதது.

தீவின் நடுவே எரிமலைகள் நிற்கின்றன. அவற்றின் மடியில் பாத்தூர், பிராத்தான் முதலிய ஏரிகள் உள்ளன. மலையினின்று இறங்கும் ஆறுகள் மென்மையான எரிமலைப் பாறையை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன. ஆறு ஆழத்தில் இருக்கிறது. நெல்வயலோ மலைச்சரிவில் படிப்படியாக உயரத்தில் இருக்கிறது. ஆகவே நெடுந்தொலைவு மேலே சென்று ஆற்றை மறித்து, பாறையைக் குடைந்து, சுரங்கத்தின் வழியே நீரைக் கொணர்ந்துதான் வயலை நனைக்க வேண்டும். அத்தகைய சுரங்கம் வெட்டும் தொழிலாளரைப் பற்றிக் கி.பி. 896-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று கூறுகிறது. நீர்ப்பாசனக் கூட்டத்தைக் குறிக்கும் சொல் பதினோராம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே காணப்படுகிறது. அச்சொல்லே இன்று 'சுபக்' என்று வழங்குகிறது.

சுபக் என்பது ஊர் அன்று, சாதியும் அன்று. ஒரே வாய்க்காலில் நீர் பெறும் வயல்களை உடையோர் அனைவரும் சேர்ந்த கூட்டமே சுபக். ஒருவன் எந்த ஊரில் குடியிருக்கிறான் என்று அங்கே கேட்பதில்லை. அவன் வயலுக்கு எந்த நீர் பாய்கிறது என்றே கேட்பர். இரண்டு வாய்க்கால்களில் வயலுடையவன் இரண்டு சுபக்குகளுக்கும் கடமைப்பட்டவன். பிராமணனாயினும், அரச குலத்தானாயினும், சூத்திரனாயினும் கூட்டத்தில் குரல் ஒன்றுதான். பாலி மொழியில் உயர்ந்தோரிடம் பேசும் நடை வேறு, தாழ்ந்தோரிடம் பேசும் நடை வேறு. ஆனால் சுபக் கூட்டத்தில் எல்லோரும் எல்லோரிடமும் பணிவு நடையிலேயே பேசுதல் வேண்டும் என்பது வழக்கம். மனிதர் வாயினின்று எழும் சொல்லையே சமனாக்கிவிட்டுப் பின்னர் நீரைச் சமனாகப் பங்கிட அமர்ந்த அம்முன்னோரின் நுட்பம் வியக்கற்பாலது.

கூட்டத்தின் தலைவனுக்குப் 'பெகாசே' என்று பெயர். அவனை உழவர்களே தேர்ந்தெடுப்பர். கூட்டத்தின் சட்டம் 'அவிக்-அவிக்' எனப்படும். பண்டு அது பனையோலையில் எழுதிக் காக்கப்பட்டது. வாய்க்கால் தூர்வாரும் நாளில் வாராதவன் இவ்வளவு தண்டம் கட்டுதல் வேண்டும். இரவில் மடையை அகலப்படுத்தி நீர் திருடியவன் இவ்வளவு கட்டுதல் வேண்டும். கால்நடையைப் பயிரில் விட்டவன் இவ்வளவு. பூசைக்குரிய பங்கைத் தராதவன் இவ்வளவு என்று அது விரியும். இத்தண்டங்கள் ஏட்டில் இருப்பதே அவை தேவைப்பட்டமைக்குச் சான்று. பாலியிலும் இரவில் நீர் திருடியவர் உண்டு; மண்வெட்டியோடு வரப்பில் நின்று சண்டையிட்டவர் உண்டு. தேவர்கள் வாழும் நாடு என்று அத்தீவைப் புகழும் நூல்கள் இதைச் சொல்வதில்லை.

நீரைப் பங்கிடும் முறையோ மிக எளியது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டையைக் கிடத்தி, அதன் மேற்புறத்தில் இடைவெளிகளைச் செதுக்குவர். அதற்குத் 'தெம்புக்கு' என்று பெயர். வாய்க்காலில் நீர் மிகுந்தாலும் குறைந்தாலும் ஒவ்வோர் இடைவெளியிலும் அதற்குரிய விகிதமே செல்லும். 'தேனா' என்னும் ஓர் அளவு உண்டு. அதுவே விதைநெல்லின் அளவு. அதை விதைக்கும் நிலத்தின் அளவு. அந்நிலத்துக்கு உரிய நீரின் அளவும் அதுவே. ஆகவே கணக்கன் தேவையில்லை. வழியிற் செல்லும் சிறுவனும் கட்டையைக் கண்ணாற் கண்டு, யாருக்கு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். வறட்சிக் காலத்தில் ஒருவனுக்கு முழுமையும் மற்றவனுக்கு வெறுமையும் நேர இதில் இடமில்லை. குறைவும் விகிதப்படியே எல்லோர் வயலுக்கும் செல்லும்.

சுபக்குகளுக்கு மேலே கோயில்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஒவ்வோர் உழவனுடைய வயலிலும் நீர் நுழையும் மூலையில் ஒரு சிறு பீடம் உண்டு. வாய்க்காலின் தலைப்பில் ஒரு கோயில் உண்டு. பல சுபக்குகளுக்குப் பொதுவாக மற்றொரு கோயில் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாகப் பாத்தூர் ஏரியின் தலைவியாகிய தேவி டானுவின் கோயில் மலைமுகட்டில் விளங்குகிறது. 1926-ஆம் ஆண்டு பாத்தூர் எரிமலை பொங்கி, அடிவாரத்திலிருந்த ஊரையும் பழைய கோயிலையும் நெருப்புக் குழம்பில் மூழ்கடித்தது. ஊரார் மலைமுகட்டுக்குக் குடியேறி அங்கே கோயிலை மீண்டும் எடுப்பித்தனர். இன்று காணப்படுவது அவ்வாறு எழுந்த கோயிலே.

அக்கோயிலின் தலைமைப் பூசகருக்கு 'ஜெரோ கெடே' என்பது பட்டம். அவர் பிராமணர் அல்லர். எளிய குடியிற் பிறந்தவர். முன்னவர் காலஞ்சென்றபின், தெய்வமேறிய கன்னிப் பூசகியின் வாக்கால் ஒரு சிறுவன் தேர்ந்தெடுக்கப்படுகிறான். அன்று முதல் அவன் தலைமயிரைக் களைவதில்லை, வெள்ளுடையே உடுப்பான், தேவியின் பிரதிநிதியாகவே வாழ்வான். இருநூற்றுக்கு மேற்பட்ட சுபக்குகள் ஆண்டுதோறும் அக்கோயிலுக்கு நெல்லும் தேங்காயும் பிறவும் கொணர்ந்து செலுத்துகின்றன. புதிதாக ஒரு மலைச்சரிவை வயலாக்க விரும்புவோரும், புதிய ஊற்றைக் கண்டு அதனை வாய்க்காலாக்க விழைவோரும் அங்கே வந்து அனுமதி கேட்டல் வேண்டும். அவ்வாறு நீரை எடுத்தால் கீழே உள்ளோருக்குக் குறையுமா என்பதே அங்கே எழும் முதல் வினா.

இவை யாவும் பக்தியின்பாற்பட்ட வழக்கங்கள் என்று கேட்போர் எண்ணுதல் இயல்பு. ஆனால் இவற்றினுள்ளே ஓர் அரிய வேளாண் நுட்பம் பொதிந்து கிடக்கிறது.

நெல்லுக்குப் பகை இரண்டு. ஒன்று நீர்க்குறை, மற்றொன்று பூச்சியும் எலியும். ஒரு பள்ளத்தாக்கிலுள்ள உழவர் அனைவரும் ஒரே நாளில் நாற்று நட்டால் ஒரே காலத்தில் அறுவடை ஆகும். பின்னர்ச் சில வாரங்கள் எங்கும் பயிரே இராது. வயல்களில் நீர் தேக்கி, வாத்துக்கூட்டங்களை இறக்கிவிடுவர். அவை சிந்திய நெல்லையும் புழுபூச்சிகளையும் பொறுக்கித் தின்னும். உணவற்ற பூச்சிகள் மடியும். இது பெரும் நன்மையே. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் நீர் வேண்டும். அவ்வளவு நீர் ஆற்றில் இல்லை. ஆளுக்கொரு நாளாக நட்டால் நீர் போதும். ஆனால் பூச்சி ஒரு வயலினின்று மறு வயலுக்குத் தாவி ஆண்டு முழுதும் விருந்துண்ணும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைக் காணுதல் வேண்டும். எத்தனை சுபக்குகள் சேர்ந்து நடுவது, எவை முந்துவது, எவை பிந்துவது என்ற இக்கணக்கைத்தான் கோயிற் கூட்டங்கள் செய்துவந்தன. ஏழு நாள் வாரங்கள் முப்பது கொண்ட 210 நாட் பஞ்சாங்கம் ஒன்று அவர்களுக்கு உண்டு. கோயில் விழாக்கள் அதன்படி நிகழும். விழா நாளே நடவுக்கும் அறுவடைக்கும் அடையாளமாயிற்று. ஒரு கோயிலின் கீழ் உள்ள சுபக்குகள் சேர்ந்து நடும். பக்கத்துக் கோயிலின் கீழ் உள்ளவை சில வாரம் தள்ளி நடும்.

ஆற்றின் மேற்புறத்தில் இருப்பவன் நீரை முதலிற் காண்பவன். அவன் விரும்பினால் தனக்கு வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடலாம். அவ்வாறு அவன் செய்யாமைக்கு அறவுணர்ச்சி ஒன்றே காரணம் என்று கூறிவிட்டால் கேட்க இனிமையாயிருக்கும். ஆனால் உண்மை முழுதும் வெளிப்படாது. கீழ்ப்புறத்தான் கையிலும் ஒரு பிடி இருக்கிறது. நீர் போதாமல் அவன் நடவைப் பிந்தினால், மேல்வயலில் அறுவடையான பின்னும் கீழ்வயல் பசுமையாய் நிற்கும். எலியும் புகையானும் அங்கே தங்கிப் பெருகி, மேல்வயலின் அடுத்த பயிர்மீது பாயும். நீர் மேலிருந்து கீழே செல்கிறது. பூச்சியோ கீழிருந்து மேலே வருகிறது. ஆகவே மேலவன் நீரைப் பங்கிடுகிறான். கீழவன் நடவு நாளைப் பங்கிடுகிறான். இருவரும் தேவியின் சந்நிதியில் அமர்ந்து இவ்வுடன்படிக்கையை ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றனர். தன்னலமும் தெய்வ பயமும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டமையால்தான் இவ்வழக்கம் பல நூற்றாண்டு உழுதது.

விளைந்த நெல்லையும் அவர்கள் தெய்வமாகவே கருதினர். கதிரறுக்கும் பெண்டிர் கைக்குள் மறையும் சிறு விரற்கத்தியால் ஒவ்வொரு கதிராகக் கொய்வர். பெரிய அரிவாளைக் கண்டால் தேவி ஸ்ரீ அஞ்சுவாள் என்பது நம்பிக்கை. கதிர்க்கட்டுகளை ஆணும் பெண்ணுமாக உருவமைத்து, நெல்லன்னையாகக் களஞ்சியத்தில் எழுந்தருளச் செய்வர். பழைய நாட்டு நெல் கதிரினின்று எளிதில் உதிராது. ஆதலின் கட்டுக்கட்டாகக் களஞ்சியத்தில் அடுக்கி, வேண்டும்போது குத்திக்கொண்டனர். அடுத்த அறுவடை வரையில் உண்ணும் சோறு வீட்டு முற்றத்துக் களஞ்சியத்திலேயே இருந்தது.

பின்னர் வந்தது ஒரு சோதனை. அக்காலத்தில் இந்தோனேசியா பிற நாடுகளினின்று பெருமளவில் அரிசி வாங்க வேண்டிய நிலையில் இருந்தது. மக்கள் பசியைத் தீர்க்க அரசினர் முயன்றதைக் குறை கூறுதல் முறையன்று. 1970-களின் தொடக்கத்தில் குறுகிய நாளில் விளையும் புதிய நெல்வகைகளும், உரமும், பூச்சிமருந்தும், கடனும் ஒரே தொகுப்பாகப் பாலிக்கு வந்தன. 1977-க்குள் தென்-நடுப் பாலியின் வயல்களில் பத்தில் ஏழு பங்கு புதிய நெல்லுக்கு மாறின. கோயில் நாட்களைக் காத்திராமல் இயன்ற மட்டும் அடிக்கடி நடுமாறு உழவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. முதலில் விளைச்சல் உயர்ந்தது உண்மையே. ஆனால் வயல் ஓய்வு நின்றது. சேர்ந்து நடுதலும் நின்றது. புகையான் பெருகிற்று. அதைத் தாங்கும் நெல்வகை கொணரப்பட்டது. அதனைத் துங்ரோ என்னும் நோய் பற்றிற்று. அதையும் தாங்கும் வகை வந்தது. வேறொரு நோய் அதனைப் பற்றிற்று. மருந்தடிக்க அடிக்கப் பூச்சியைத் தின்னும் நல்ல உயிர்களும் மடிந்தன. ஒரே காலத்தில் பலரும் நீர் கேட்டமையால் வாய்க்கால்களில் பூசல் மிகுந்தது. புதிய நெல் எளிதில் உதிர்வது, கட்டிவைக்க முடியாது. ஆகவே களத்திலேயே விலையாயிற்று, களஞ்சியங்கள் வெறுமையாயின.

1979-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் துணையோடு பாலி நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கிற்று. புதிய அணைகளும், ஏற்றி இறக்கும் இரும்பு மதகுகளும் வந்தன. மரக்கட்டையில் எல்லோரும் கண்ணாற் கண்ட பங்கு, மதகின் திருகைப் பிடித்தவன் கையிற் போயிற்று. சில இடங்களில் உழவர்கள் அம்மதகுகளைக் கழற்றிவிட்டுப் பழைய கட்டையையே மீண்டும் கிடத்தினர். பொறியாளர் இதை அறியாமை என்று கருதினர் போலும்.

அந்நாட்களில் பாலியில் தங்கி ஆராய்ந்தவர் ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியலார். கோயில்கள் நீரை ஆள்கின்றன என்று அவர் கூறியதைத் திட்டக்காரர் முதலில் பொருட்படுத்தவில்லை. அவர் ஜேம்ஸ் கிரெமர் என்னும் சூழலியலாரோடு சேர்ந்து, ஓஸ், பெத்தானு என்னும் இரண்டு ஆறுகளின் கரையிலுள்ள 172 சுபக்குகளையும் கணிப்பொறியில் மாதிரியாக அமைத்தார். ஒவ்வொரு சுபக்கும் தனித்தனியே நட்டால் என்ன ஆகும், எல்லாம் ஒரே நாளில் நட்டால் என்ன ஆகும், கோயில்வாரியாக நட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தனர். விளைச்சல் மிகுந்து பூச்சி குறைந்து நின்றது கோயில்வாரி நடவே. அது பெரும்பாலும் உழவர்கள் முன்பே கைக்கொண்டிருந்த முறையோடு ஒத்திருந்தது. அவர் தம் ஆராய்ச்சியை 1991-இல் நூலாகவும் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1988-இல், வங்கி தன் திட்டத்தை மதிப்பிட்டுப் பார்த்தபோது, பழைய முறையின் அருமையை உணராமற் போனதனால் நேர்ந்த இழப்பு பெரிது என்று ஒப்புக்கொண்டது. 1986-இல் இந்தோனேசிய அரசு நெற்பயிருக்குப் பயன்படுத்திய 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. உழவர்களோ ஆய்வுகளுக்குக் காத்திராமல் கோயில் நாட்களுக்கே திரும்பிக்கொண்டிருந்தனர். புதிய நெல்லை அவர்கள் முற்றும் தள்ளிவிடவில்லை. அதையும் பழைய முறைக்குள் அடக்கிக்கொண்டனர்.

பாத்தூர்ப் பூசகர் பூச்சியியல் கற்றவரா என்று சிலர் வினவுவர். கற்றவர் அல்லர், கற்றிருக்கத் தேவையும் இல்லை. அவர் கட்டளையிடுபவரும் அல்லர். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பெகாசேக்கள் கூடி, சென்ற பருவத்தில் எங்கே நீர் போதவில்லை, எங்கே எலி மிகுந்தது என்று பேசித் தீர்த்ததே பலநூறு ஆண்டு ஆராய்ச்சியாயிற்று. அந்த எலியையும் அவர்கள் வெறும் பகையாகக் கொள்ளவில்லை. தபனான் பகுதியில், கொன்ற எலிகளுக்கு மனிதருக்குச் செய்வதுபோலவே தகனச் சடங்கு செய்து, அவ்வுயிர்கள் நற்கதியடைய வேண்டுவதுண்டு. கேட்போர்க்கு நகை தோன்றலாம். ஆயினும் எலியைப் பிடிக்க ஊர் முழுவதையும் ஒரே நாளில் வயலுக்கு அழைக்க இதனினும் நல்ல உபாயம் காணுதல் அரிது.

2012-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் பாலியின் சுபக் நிலப்பரப்பை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஏறத்தாழ 19,500 ஹெக்டேர் பரப்புள்ள வயல்களும் ஏரியும் கோயில்களும் அதில் அடங்கும். தீவு முழுவதிலும் உள்ள சுபக்குகள் சுமார் 1,200 என்பர். அவ்வாண்டிலேயே பாலி மாநிலம் சுபக்குகளுக்கெனத் தனிச்சட்டமும் இயற்றிற்று.

ஆனால் புதிய இடர் வேறு வடிவில் வந்துள்ளது. படிவயல்களின் அழகைக் காண உலகமே திரண்டு வருகிறது. வருவோர் தங்க விடுதிகள் வேண்டும். விடுதிகளுக்கு நிலமும் நீரும் வேண்டும். விடுதியருகே உள்ள வயலின் மதிப்பு ஏற, அதன்மீது விதிக்கும் வரியும் ஏறுகிறது. நெல் விற்று அவ்வரியைச் செலுத்துதல் உழவனுக்கு அரிதாகிறது. பிள்ளைகள் நகரத்து வேலைக்குப் போய்விட்டனர். அவன் வயலை விற்றுவிடுகிறான். வாய்க்காலின் நடுவே ஒரு வயல் கட்டடமானால் அதன் கீழுள்ள வயல்களுக்கு நீர் செல்லும் வழி அடைபடுகிறது. தூர்வார ஒரு கை குறைகிறது. பூசைக்கு ஒரு பங்கு குறைகிறது. நீர் திருடிய உழவனுக்குத் தண்டம் விதிக்க அவிக்-அவிக் அறியும். சுபக்கில் சேராத, நெல்லே நடாத ஒருவனுக்கு என்ன தண்டம் விதிப்பது என்று பழைய ஓலை எதிலும் எழுதப்படவில்லை. புதிய சட்டங்கள் அதை எழுத முயல்கின்றன. முயற்சி எவ்வளவு பயன்தரும் என்பதை இனிவரும் ஆண்டுகளே காட்ட வேண்டும்.

நடவுக்கு முன் சுபக்கின் ஆட்கள் இன்றும் பாத்தூர் மலைமேல் ஏறிச் செல்கின்றனர். ஏரித் தீர்த்தத்தைப் பெற்று இறங்கி வந்து, வாய்க்கால் தலைப்பிலுள்ள கோயிலின் தீர்த்தத்தோடு அதனைக் கலந்து, வயல்தோறும் நீர் நுழையும் மூலையில் தெளிக்கின்றனர். அதன் பின்னரே முதல் நாற்று சேற்றில் ஊன்றப்படுகிறது.